செருப்பு வரிசையும் புங்கமரத்தடியும்

1

“ஆஸ்பத்திரியில இருந்து பேசுறோம் சார்” என்றது ஒரு பெண் குரல். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று உடனே பிடிபடவில்லை. நான் வேலை பார்க்கும் இங்கிலாந்து ஆஸ்பத்திரியில் என்னைத் தமிழில் கூப்பிட ஆள் கிடையாது. “மதுரையில இருந்து சார்” என்று அந்தப் பெண் சேர்த்துச் சொன்னதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

பெயர் கீர்த்தனா. தகவல் தொடர்புப் பிரிவாம். நான் அங்கே நர்ஸாக இருந்த காலத்தில் அப்படி ஒரு பிரிவு கிடையாது. தகவல் என்றால் வாட்ச்மேன் சத்தம் போட்டுச் சொல்லுவார், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குப் பொன்விழா வருகிறது, மலர் போடுகிறார்கள், பழைய ஊழியர்கள் எழுதுகிறார்கள், நானும் எழுத வேண்டும் என்றாள்.

“செருப்பு வரிசை பத்தி நீங்கதான் சார் எழுதணும். பழைய ஆளுங்க எல்லாரும் உங்க பேரைத்தான் சொன்னாங்க. ரெண்டு பக்கம் போதும் சார். கொஞ்சம் பாசிட்டிவா இருந்தா நல்லாருக்கும்.”

“செருப்பு வரிசை இப்ப எதுக்கும்மா?”

“அதான் சார் நம்ம ஹெரிடேஜ். பேரையூர் பிராஞ்சு வாசல்ல பித்தளையில ஒரு செருப்பு வரிசை செஞ்சு வைக்கப் போறோம். சேர்மன் சாரோட ஐடியா.”

என் அண்ணன் முருகேசன் அதே பேரையூர் கிளையில் செருப்பை வரிசையில் விட்டுவிட்டுச் செத்துப்போய் ஓராண்டு ஆகப்போகிறது. கீர்த்தனாவுக்கு அது தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அன்று ரொட்டி தின்னாமலே வேலைக்குப் போனேன்.

2

ஆஸ்பத்திரியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். ஆட்களின் பெயர்களையும் மாற்றித்தான் வைத்திருக்கிறேன், ஊர்களைக்கூடக் கொஞ்சம் முன்பின்னாக.

வில்லாபுரத்தில் ஒரு பஞ்சுக் குடோனை வாடகைக்குப் பிடித்து ஒரு டாக்டரும் அவர் மனைவியும் அதை ஆரம்பித்தார்கள். மனைவியும் டாக்டர்தான். எங்களுக்கு அவர் பெரிய டாக்டர், அந்த அம்மா டாக்டரம்மா. காசு உள்ளவர்கள் கொடுக்கலாம், இல்லாதவர்கள் கொடுக்க வேண்டாம். ஆனால் யார் கொடுத்தார் யார் கொடுக்கவில்லை என்பது உள்ளே வைத்தியம் பார்க்கிறவருக்குத் தெரியக்கூடாது. இதுதான் அவர்களுடைய ஏற்பாடு. பிறகு பரவையில் ஒரு கிளை வந்தது. அங்கே மார்க்கெட்டில் மூட்டை தூக்கி இடுப்பு போனவர்களே பாதி நோயாளிகள். அதற்கும் பிறகு பேரையூர்.

பேரையூரில் நிலம் வைத்திருந்த குடும்பத்தார் இடம் கொடுத்தார்கள். நிலமே இல்லாமல் அவர்கள் காட்டில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த எங்கள் தெருக்காரர்கள் அஸ்திவாரம் தோண்டிக் கொடுத்தோம். அண்ணன் அப்போது இளவட்டம். பகலில் கூலிக்குப் போய்விட்டு, பொழுது சாய்ந்ததும் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு போவார். அதற்குக் கூலி வாங்கவில்லை. கடைசிவரை அவர் அதை “நம்ம ஆஸ்பத்திரி” என்று சொன்னதற்கு அதுதான் காரணம், வேறு பாத்தியதை ஒன்றும் எங்களுக்குக் கிடையாது.

செருப்பு வரிசை பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரேஷன் கடையில் பையையும் கல்லையும் போட்டு இடம் பிடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆஸ்பத்திரி வாசலிலும் ஜனங்கள் அதையே செய்தார்கள். செருப்பைக் கழற்றி வரிசையில் விட்டுவிட்டு எதிரே புங்கமரத்தடியில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். பெரிய டாக்டர் அதைத் தடுக்கவில்லை. “சீக்காளி எதுக்குய்யா நிக்கணும், செருப்பு நிக்கட்டும்” என்றார். அதுவே சட்டமாகிவிட்டது. வாட்ச்மேன் முதல் செருப்பைப் பார்த்து, “நீல வாரு போட்ட செருப்பு யாருதுப்பா, உள்ள வா” என்று கூப்பிடுவார்.

கேட்க வேடிக்கையாக இருக்கும். எங்களுக்கு வேடிக்கை இல்லை. மேலத்தெருவைக் கடக்கும்போது எங்கள் ஆட்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த காலம் முழுசாக முடியாத சமயம் அது. கிளை திறந்த புதிதில், இடம் கொடுத்த குடும்பத்துப் பெரியவர் ஒருவர் கார் போட்டு வந்தார். அவருடைய டிரைவர் அவர் செருப்பைக் கொண்டுபோய் வரிசையின் தலையில் வைத்துவிட்டான். அங்கே முதலாவதாகக் கிடந்தது எங்கள் தெரு மூக்கையாவின் டயர் செருப்பு. யாரும் வாய் திறக்கவில்லை. டாக்டரம்மா வெளியே வந்து பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் குனிந்து, பெரியவரின் செருப்பைத் தன் கையாலேயே எடுத்துக்கொண்டு போய்க் கடைசியில் வைத்தார். டாக்டர் கை தன் செருப்பைத் தொட்டுவிட்டதே என்று அந்த மனிதர் பதறிப்போய், “அய்யோ தாயி, நீங்க எதுக்கு அதத் தொட்டுக்கிட்டு” என்று பின்னாலேயே ஓடினார். கோபப்படக்கூட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு யாரும் செருப்பை முன்னால் கொண்டுபோய் வைக்கவில்லை.

ஆனால் இது பாதிதான். மற்ற பாதியை யாரும் சொல்வதில்லை. வரிசை செருப்புக்குத்தான், நோய்க்குக் கிடையாது என்பார் டாக்டரம்மா. அதற்காகவே ஒரு நர்ஸ் காலையில் இருந்து மரத்தடியைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உட்கார்ந்திருக்கிறவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். எவருக்கு வியர்க்கிறது, எவர் மூச்சுக்குத் திணறுகிறார், எந்தப் பிள்ளை அழக்கூட முடியாமல் கிடக்கிறது என்று பார்த்து அவர்களை நேரே உள்ளே கொண்டுபோக வேண்டும். முகம் பார்க்கிற வேலை என்று அதற்குப் பெயர். நான் ஆஸ்பத்திரியை நடத்திய டிரஸ்ட்டின் நர்சிங் பள்ளியில் இலவசமாகப் படித்து, பேரையூர் கிளையிலேயே வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்தது அந்த வேலைதான். எங்கள் ஜனங்கள் வாய்விட்டு “எனக்கு முடியல, என்னைய மொதல்ல பாருங்க” என்று கேட்க மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவனுக்கு என்னவோ, நாம் முந்தக்கூடாது என்றுதான் நினைப்பார்கள். கேட்காதவர்களைத் தேடிப் போகத்தான் அந்த ஏற்பாடே இருந்தது.

3

இங்கே நான் பார்க்கும் வேலையும் அதுதான். அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களில் யாரை முதலில் பார்ப்பது என்று தரம் பிரிப்பது. வேலைக்கான நேர்முகத்தில், இதில் அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். புங்கமரத்தடியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். செருப்பு என்று சொன்னதும் இருவர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நிறுத்திக்கொண்டேன்.

இங்கேயும் ஜனங்கள் காத்துக்கிடக்கிறார்கள், பொழுது முழுக்க. பொறுமையாகத் திட்டுகிறார்கள். திட்டுவதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறார்கள். வந்த புதிதில் வேலை முடிந்து கிளம்பும்போது ஒரு கிழவரிடம் “வாரேன்” என்கிற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ‘வருகிறேன்’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் நான் வருவேன் என்று விழித்தே கிடந்திருக்கிறார். மறுநாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, போகும்போது போகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார். இத்தனை வருடம் ஆகியும், போகிறேன் என்று சொல்லும்போது எனக்கு நாக்கு கூசத்தான் செய்கிறது.

அண்ணன் செத்த செய்தி வந்தபோது விடுப்புக் கேட்டேன். அவர் பெயரும் என் பெயரும் கணினியில் ஒட்டவில்லை. அண்ணனுக்கு அப்பா பெயர் முன்னால் ஒற்றை எழுத்தாக நிற்கிறது. எனக்கோ பாஸ்போர்ட் எடுத்த நாளில் என் பெயரே குடும்பப் பெயரின் இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கூடப்பிறந்தவர் என்றால் குடும்பப் பெயர் ஏன் வேறு என்று அலுவலகத்துப் பெண் கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. எனக்குத்தான் வாய்க்கு வந்தபடி கத்த வேண்டும் போல இருந்தது. விளக்கி முடித்து, விமானம் ஏறி, நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது.

4

ஆஸ்பத்திரி எப்போது மாறியது என்று ஒரு நாளைக் காட்டிச் சொல்ல முடியாது. பெரிய டாக்டர் போனார், பின்னாலேயே டாக்டரம்மாவும் போனார். டிரஸ்ட் மகன் கைக்கு வந்தது. மகன் கெட்டவர் இல்லை. இன்றும் இலவசமாக ஆபரேஷன் செய்கிறார்கள், அதை நான் மறுக்க மாட்டேன். ‘லாப நோக்கற்ற நிறுவனம்’ என்று எல்லாக் கிளையிலும் பெரிய எழுத்தில் பலகை வைத்ததும் அவர்தான். அப்பாவும் அம்மாவும் இருந்தவரை அப்படி ஒரு பலகை இல்லை. யாருக்கும் அந்தச் சந்தேகம் வராததால் தேவைப்படவும் இல்லை.

லாபம் என்ற சொல்லை அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். உபரி என்பார்கள். உபரியில் பேரையூரில் புதுக் கட்டடம் எழுந்தது. அதன் வாசல் மெயின் ரோட்டைப் பார்த்து, கண்ணாடிக் கதவு, டோக்கன் மெஷின், உட்கார நாற்காலி, எல்லாம் சுத்தமாக இருக்கிறது. பழைய வாசலை இடிக்கவில்லை. அங்கே சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் இலவச மாத்திரை கொடுக்கிறார்கள். மாத்திரைக்கு வருகிறவர்கள் வயசாளிகள். அவர்கள் இன்னமும் செருப்பை வரிசையில் விட்டுவிட்டுத்தான் மரத்தடிக்குப் போகிறார்கள். அதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, பார்க்க வருகிற வெள்ளைக்காரர்கள் போட்டோ எடுப்பதால். மரத்தடியைச் சுற்றிவரும் நர்ஸை மட்டும் நிறுத்திவிட்டார்கள். உட்கார்ந்திருப்பவர்களுக்கு இடையில் சும்மா நடக்கிற ஒரு ஆளுக்குச் சம்பளம் எதற்கு என்று கணக்குப் பார்க்க வந்தவர்கள் கேட்டார்களாம்.

5

இனி வருவது அண்ணி சொன்னது. அண்ணன் போன அந்தக் காலையில் கூட இருந்தது அண்ணி ஒருத்திதான்.

“விடியக்கால எந்திரிச்சப்பவே நெஞ்சக் கரிக்குதுன்னாக தம்பி. சோடா வாங்கிக் குடிச்சாக. கேக்கல. நம்ம ஆஸ்பத்திரிக்கே போயிருவோம்னு மொத பஸ்ஸுக்குக் கெளம்புனோம். புது வாசலப் பாத்து, அங்கிட்டுப் போவமான்னு நான் கேட்டேன். அது ரூம்பு எடுத்துத் தங்குறவுகளுக்குடி, நமக்கு இதுதான்னாக. செருப்பக் கழட்டி வரிசையில விட்டாக. முன்னாடி அம்புட்டுச் செருப்பு கெடந்துச்சு. மரத்தடியில போயி உக்காந்தோம்.”

மாத்திரை கொடுக்கும் கதவு அப்போது திறந்திருக்கவில்லை. அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியிருக்கிறது. அண்ணி முந்தானையால் துடைத்துவிட்டிருக்கிறார்.

“உள்ள போயிச் சொல்லுறேங்கன்னு எந்திரிச்சேன். கையப் புடிச்சு உக்கார வச்சுட்டாக. ‘இருடி, நர்ஸு வருவாக, மொகத்தப் பாத்தா அவுகளுக்கே தெரியும். என் தம்பி பாத்த வேலைதானடி அது’ன்னாக. ஆரும் வரல தம்பி. நானும் வருவாக வருவாகன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.”

கதவு திறந்து, வரிசை நகர்ந்து, அண்ணன் முறை வந்தது. உள்ளே இருந்த பெண் மாத்திரைச் சீட்டைக் கேட்டாள். சீட்டு இல்லை, நெஞ்சு வலி என்றதும் அவள் பதறித்தான் போனாள். புது வாசலுக்குப் போய் டோக்கன் போடுங்கள், உடனே பார்ப்பார்கள் என்று வழி காட்டினாள். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு அண்ணன் நடந்தார். டோக்கன் எடுத்தார். எடுத்த கையோடு கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் விழுந்தார். ஓடிவந்து தூக்கினார்கள், செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள். செய்து பலனில்லாத நேரம் அது.

செருப்பு வரிசையில் முந்தக்கூடாது என்று அண்ணன் உட்கார்ந்திருந்ததாகத்தான் ஊரில் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். ‘நேர்மையான மனுசன்’ என்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது. அண்ணன் தன் முறைக்காகக் காத்திருக்கவில்லை. யாராவது ஒருவர் வந்து தன் முகத்தைப் பார்ப்பார் என்று காத்திருந்தார். அதே நேரத்தில் நான் இங்கே இரவு வேலையில் முன்பின் தெரியாதவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊரில் இருந்து திரும்பி வந்ததும் மகளுக்கு நடந்ததைச் சொன்னேன். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. பெரியப்பாவைப் போனில் பார்த்து ‘வணக்கம்’ சொன்னதோடு சரி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “வலிக்குதுன்னு பெரியப்பா ஏன் சொல்லலை?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். சொல்லியிருக்க வேண்டும் என்பது அவளுக்கு அவ்வளவு சுலபமாகத் தெரிகிறது. சொல்லத் தெரியாமல் வளர்ந்த ஒரு தெருவை எந்த மொழியில் விளக்குவது என்று தெரியாமல், சாப்பிடு என்றேன்.

6

ஊரில் இருந்தபோது, கருமாதி முடிந்த மறுநாள் பேரையூர்க் கிளையின் நிர்வாக அலுவலரைப் போய்ப் பார்த்தேன். என்னைவிட இளையவர். எழுந்து நின்று கும்பிட்டார், காபி வரவழைத்தார், அண்ணன் சாவுக்கு வருத்தம் சொன்னார். நடிப்பு என்று சொல்ல மாட்டேன்.

“ரெக்கார்டு எல்லாம் பாத்தேன் சார். டோக்கன் போட்டதுல இருந்து பாத்தா, உடனேயே அட்டெண்ட் பண்ணிருக்கோம்.”

“டோக்கனுக்கு முன்னாடி?”

“முன்னாடின்னா?”

“மரத்தடியில உக்காந்திருந்தாரே, அது.”

அவர் உண்மையாகவே யோசித்தார். “அது நம்ம சிஸ்டத்துல வராதே சார்” என்றார். “டோக்கன் போட்டாத்தான சார் பேஷண்ட்.”

மரத்தடிக்கு ஒரு நர்ஸைப் போடுங்கள், ஒரே ஒரு ஆள் போதும் என்று கேட்டேன். நான் அங்கே போனதே அதைக் கேட்கத்தான். வழக்கு, நஷ்டஈடு எதுவும் என் மனதில் இல்லை.

“வார்டுக்கே நர்ஸ் இல்ல சார். நாங்க படிக்க வைக்கிறோம், ரெண்டு வருசத்துல கெளம்பிடுறாங்க. தப்பா எடுத்துக்காதீங்க, எல்லாரும் உங்கள மாதிரிதான்.”

காபியைக் குடித்துவிட்டு வந்தேன். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

7

ஆகவே கீர்த்தனாவின் போன் வந்தபோது எனக்குள் இருந்த ஆத்திரம் முழுவதும் எழுந்து நின்றது. எழுதுகிறேன் என்று பதில் அனுப்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். மூக்கையாவின் செருப்பு, டாக்டரம்மாவின் கை, முகம் பார்க்கிற வேலை, அண்ணன் உட்கார்ந்திருந்த மரத்தடி, டோக்கன் போட்டால்தான் பேஷண்ட் என்ற பேச்சு, எல்லாவற்றையும் எழுதினேன். பித்தளைச் செருப்பு செய்கிற காசில் மரத்தடிக்கு ஒரு ஆளைப் போடுங்கள் என்று முடித்தேன். மலரில் அதைப் போட்டால் ஊர் முழுக்கப் படிக்கும். ஒரு ஆளையாவது அங்கே போட்டுத்தானே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டேன். அனுப்புவதற்கு முன் அண்ணியிடம் போனில் வாசித்துக் காட்டினேன்.

அண்ணி முழுவதும் கேட்டார். நடுவில் அழுதார். முடிந்ததும் மூக்கைச் சிந்திக்கொண்டு, “அம்புட்டும் நெசம் தம்பி” என்றார்.

“அனுப்பிரட்டா அண்ணி?”

“வேண்டாம்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அண்ணனுக்காகத்தானே எழுதியிருக்கிறேன் என்று குரலை உயர்த்தினேன்.

“பவித்ரா அங்கதான தம்பி படிக்கிறா” என்றார் அண்ணி.

பவித்ரா அண்ணன் மகள். அதே டிரஸ்ட்டின் நர்சிங் கல்லூரியில் படிக்கிறாள். இலவசப் படிப்பு, இலவச விடுதி, எனக்குக் கொடுத்த மாதிரியே. கடைசி வருடம். என் கோபத்தில் அவளை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

“அவுக ஒண்ணும் செய்ய மாட்டாக அண்ணி. நல்ல ஆளுகதான்.”

“நல்ல ஆளுகதான். ஆனா பிராக்டிகல்ல மார்க்குப் போடுறது அவுகதான. ஒரு வார்த்தைக்கு ஒரு மார்க்குக் கொறஞ்சாலும் எனக்கு யாரு இருக்கா கேக்க? நீங்க அங்கிட்டு இருக்கீக. உங்க அண்ணே போயிட்டாக. அவ படிச்சு வந்தாத்தான் எனக்குக் கஞ்சி. பெரிய மனசு பண்ணுங்க தம்பி, நல்லதா ரெண்டு வார்த்தை எழுதிக் குடுத்துருங்க.”

என் பிள்ளையாக இருந்தால் நான் என்ன செய்வேன் என்று யோசித்தேன். என் பிள்ளைக்கு இந்தப் பயம் தெரியாது. அதற்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தது. அண்ணியிடம் சரி என்றேன். இங்கேயும் ஆஸ்பத்திரியின் பெயரை எழுதாததற்குக் காரணம் அதுதான்.

பின்பாதியை முழுவதும் எடுத்துவிட்டேன். முன்பாதி அப்படியே இருந்தது. அதில் பொய் ஒன்றும் இல்லை. செருப்புகள் வரிசையில் நின்றன, பெரியவர் பதறி ஓடினார், டாக்டரம்மா பேசாமல் குனிந்து செருப்பை எடுத்தார். முகம் பார்க்கிற வேலையைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அது இப்போதும் நடப்பது மாதிரி படிக்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள் என்று தெரிந்தது. நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். கீர்த்தனா பதில் போட்டிருந்தாள், அருமையாக வந்திருக்கிறது, சேர்மன் சாரே படித்துவிட்டுக் கண் கலங்கினார் என்று.

மலர் வெளிவந்த வாரம் பவித்ரா கூப்பிட்டாள். வழக்கமாக அவளாகக் கூப்பிட மாட்டாள். விடுதியில் சாப்பாடு எப்படி, பரீட்சை எப்போது என்று நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

“உங்க கட்டுரைய காலேஜு பிரேயர்ல வாசிச்சாக சித்தப்பா” என்றாள் கடைசியில்.

“என்னம்மா சொன்னாங்க?”

“எங்க சித்தப்பான்னு பிரின்சிபால் மேடம் எல்லார்கிட்டயும் சொல்லி, என்னைய மேடைக்குப் பக்கத்துல வந்து நிக்கச் சொன்னாக. அந்த மரத்தடி நர்ஸு வார எடத்துல அம்புட்டுப் பேரும் கை தட்டுனாக சித்தப்பா. மேடம் என் மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தாக. நானும் தட்டுனேன்.”